பந்தயக்காரனின் அக்கா

அவுஸ்திரேலியாவில் எங்கள் மல்கிரேவ் வீட்டின் பின்னறையில் ஒன்றரை வருடமாக ஒரு பிரேசில் பிள்ளை வாடகைக்கு இருந்தாள். அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்பதே எங்களுக்குத் தெரியாது. கடைசி ஒரு மாதமாக அவனுடைய படம் என் மகளின் அறைச்சுவரில் ஒட்டியிருந்தது என்பது இன்னும் மோசம். ஒவ்வொரு நாளும் அந்த அறை வாசலைத் தாண்டித்தான் அந்தப் பிள்ளை குளியலறைக்குப் போய் வந்திருக்கிறாள்.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. முதியோர் இல்லமொன்றில் காலை வேலை. வேலை முடிந்து மூன்றரை, நான்கு மணிக்கு வீட்டுக்கு வருவாள். வாரத்தில் இரண்டு நாள் தாதியர் படிப்பு. என் மகளின் சிநேகிதிகள் என்னை அன்ரி என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அன்ரி என்றே பழகிவிட்டாள். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைப்போம். ஒருநாள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றபோது, நாற்காலியை நாங்கள் கதிரை என்று சொல்வதும் அவர்கள் போர்த்துக்கீசிய மொழியில் சொல்வதும் கிட்டத்தட்ட ஒரே சொல் என்று இருவரும் கண்டுபிடித்தோம். குசினியும் அப்படியே, அலுமாரியும் அப்படியே. அன்று முழுக்க வீட்டிலிருந்த சாமான் ஒவ்வொன்றையும் காட்டிக் காட்டிப் பெயர் கேட்டாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தன் வீட்டாரைப் பற்றி மட்டும் கதைக்க மாட்டாள். தகப்பன் இல்லை, தாய் இருக்கிறா. அவ்வளவுதான்.

பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அந்த மௌனம் உடைந்தது. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கார்ப்பந்தயப் பைத்தியம். அடுத்த மாதம் ஆல்பர்ட் பார்க் ஏரியைச் சுற்றி நடக்கப்போகிற பெரிய பந்தயத்துக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சியில் அந்த வருடத்துப் புது ஓட்டுநர்களைக் காட்டினார்கள். எங்கள் வாடகைப் பிள்ளை துவைத்த உடுப்புக் கூடையோடு நடைவழியில் வந்தாள். மகள் அவளைக் கூப்பிட்டு, உங்களுடைய நாட்டு ஆள் ஒருவன் இந்த வருடம் புதிதாக ஓடுகிறான், வந்து பாருங்கள் என்றாள்.

அவள் வந்து பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். பிறகு அந்த இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்தாள்.

"அது என் தம்பி," என்றாள்.

மகள் சிரித்தாள். நானும் ஏதோ பகிடி என்றுதான் நினைத்தேன். பிறகு நான் தொலைக்காட்சியைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அதே புருவம். நடுவில் கொஞ்சம் உடைந்தது போன்ற அதே மூக்கு. இத்தனை மாதம் ஒரே மேசையில் சாப்பிட்ட முகம் அந்தத் திரையில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. மகள் மெல்ல எழுந்து போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள்.

அன்று பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து இருத்தி வைத்தேன். அவளாகவே சொன்னாள்.

கரும்பு ஏற்றுகிற லொறிகள் போய்வருகிற ஒரு சின்னப் பட்டணத்தில் தகப்பன் வாகனம் திருத்தும் கடை வைத்திருந்தார். தம்பிக்கு ஆறு வயதானபோது பழைய இரும்புகளை ஒட்டி, புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பூட்டி, ஒரு சின்னக் கார் செய்து கொடுத்தார். அவன் அதைக் கடை முற்றத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டினான். லொறிச் சாரதிகள் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்களாம். ஏழு வயதில் உண்மையான ஓடுபாதைக்குக் கொண்டுபோனார். பத்து வயதில் அவனைவிடப் பெரிய பிள்ளைகளை முந்தினான். வீட்டிலிருந்த எல்லாமே அவனுடைய ஓட்டத்துக்குப் போனது. பதின்மூன்று வயதில் இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் அவன் மழையில் ஓடுவதைப் பார்த்தார். மூன்று மாதத்தில் பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டார்கள். மொழி தெரியாது. சொந்தம் என்று ஒருவரும் இல்லை. ஒரு தொழிற்கூடத்துக்கு மேலே ஓர் அறை.

நான் அந்த இடத்தில் அவளை நிறுத்திக் கேட்டேன். பதின்மூன்று வயதிலா? எங்கள் ஊரில் யுத்தகாலத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைத் தனியே அனுப்பினார்கள்தான். அது உயிர் தப்புவதற்கு. காரோட்ட அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை.

"அவன் கேட்டுத்தான் போனான் அன்ரி," என்றாள். "போன பிறகு ஒவ்வொரு நாளும் அழுதான். அழுதபடியே வென்றான்."

அவனுடைய பள்ளிப் பாடங்களை அவள்தான் ஊரிலிருந்து எழுதி அனுப்பினாள். கட்டுரை, கணக்கு, எல்லாம். அவன் படம்பிடித்து அனுப்புவான், இவள் எழுதித் திருப்பி அனுப்புவாள். ஒவ்வொரு வருடமும் கார் பெரிதானது. கூட ஓடுகிற பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். சிலருக்குக் காசு முடிந்தது, சிலருக்குத் துணிவு முடிந்தது. இவன் மட்டும் நின்றான். பத்தொன்பதாவது வயதில், பெரிய பந்தயத்துக்கு இரண்டு படி கீழே உள்ள வகுப்பில், வருடத்தின் கடைசி ஓட்டத்தில் பட்டத்தை வெல்கிற நிலைக்கு வந்துவிட்டான்.

அந்தக் கிழமை வியாழக்கிழமை தகப்பன் கடைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முன்பே முடிந்துவிட்டது. அவர்கள் ஊரில் ஒரு நாளுக்குள் அடக்கம் செய்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை புதைத்தார்கள். அவன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓடினான், வென்றான். மேடையில் ஏறிக் கமராவைப் பார்த்து, "இது உங்களுக்காக அப்பா," என்றான்.

"நான் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்," என்றாள். "பந்தயம் முடியும்வரை அவனுக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா முடிவு செய்திருந்தா. நான் சண்டை பிடித்தேன். அந்த மேடையைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வராமல் ஓடினான். எனக்கு ஒரு அழைப்புக்கூட எடுக்கவில்லை."

செவ்வாய்க்கிழமை அவன் ஊருக்கு வந்தான். கல்லறைக்குப் போனான். இருவரும் ஒரு சொல் பேசவில்லை. ஆறு மாதத்தில் இவள் அவுஸ்திரேலியாவுக்கு வந்துவிட்டாள். இரண்டரை வருடமாகப் பேச்சில்லை.

என் கைகள் குளிர்ந்துபோயின. எதிரில் குசினி வாசலில் என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். அவர் எதையும் கேட்காமல் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். காலையில் மழை பெய்திருந்தது. ஆனாலும் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார்.

ஏன் என் கை குளிர்ந்தது என்று சொல்ல வேண்டும். என் கணவர் படகில் வந்தவர். வந்து வில்லாவுட் தடுப்புமுகாமில் இருந்தார். நான் அதற்கு முதலே மாணவியாக வந்து சிட்னியில் என் அண்ணன் வீட்டில் இருந்தேன், எங்களுக்குக் கலியாணம் பேசி முடிவாகியிருந்தது. சனிக்கிழமைகளில் சமைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போவேன். அவருடைய அகதி விண்ணப்பத்துக்கான நேர்காணலுக்கு ஐந்து நாளுக்கு முன்பு, பருத்தித்துறையில் அவருடைய தாய் இறந்துபோனார். செய்தி என் போனுக்குத்தான் வந்தது. இந்த நேரத்தில் சொன்னால் மனுசன் உடைந்துபோவார், நேர்காணல் பிழையாகிவிடும், வாழ்க்கையே பிழையாகிவிடும் என்று அண்ணனும் நானும் முடிவெடுத்தோம். அந்தச் சனிக்கிழமையும் புட்டும் கோழிக்கறியும் கொண்டுபோனேன். சிரித்துக் கதைத்தேன். நேர்காணல் முடிந்து அடுத்த சனிக்கிழமைதான் சொன்னேன். அவர் அழவில்லை. சரி என்று மட்டும் சொன்னார். உறுதியான மனுசன் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு விசா கிடைத்தது. நான் செய்தது சரி என்று பதினைந்து வருடம் நம்பியிருந்தேன்.

அந்தப் பிள்ளையிடம் இதை நான் சொல்லவில்லை. அவள் தன் தாயைப் பற்றிச் சொன்னபோது நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதம் பந்தயக் கிழமை வந்தது. நகரெங்கும் அவனுடைய முகம் மற்ற ஓட்டுநர்களின் முகங்களோடு சேர்ந்து தொங்கியது. அவள் வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். மகளிடம் மட்டும், பள்ளியில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். பாவம், அந்த ஒரு மாதமும் மகளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்.

புதன்கிழமை மத்தியானம் கதவு மணி அடித்தது. எனக்கு அன்று லீவு. நான் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கிற வேலை செய்கிறேன். என் கணவர் பஸ் ஓட்டுகிறார், அவருக்கும் அன்று வேலை இல்லை. கதவைத் திறந்தேன். சாதாரணச் சாம்பல் நிறச் சேர்ட், தொப்பி, ஒல்லியான பெடியன். தனியே வந்திருந்தான். கழுத்து மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத மொத்தம். தொப்பியைக் கழற்றி, அக்கா இங்கேதான் இருக்கிறாளா என்று கேட்டான்.

தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் குப்பைவாளியை இழுத்துக்கொண்டு போனார். எங்களைப் பார்த்துக் கைகாட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் ஒரு நிமிடம் போல வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். பிறகுதான் உள்ளே வரச் சொல்லவேண்டும் என்ற நினைப்பு வந்தது.

அவள் வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். தனக்கு இன்னின்னதுதான் சாப்பிடலாம் என்று அளந்து கொடுக்கிறார்கள் என்றான். சோறும் பருப்பும் பயிற்றங்காய்க் கறியும் இருந்தன. வாசனை பிடித்ததும் தானாக மேசைக்கு வந்து உட்கார்ந்தான். இரண்டாம் முறையும் போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டிலும் ஒவ்வொரு நாளும் சோறும் பயறும்தான் என்றான். அந்தக் கார்களுக்குள் உட்காருகிற ஆள் என்றே தோன்றவில்லை. ஆனால் என் கணவர் கதிரையை இழுத்த சத்தத்துக்கு அவனுடைய கண் போன வேகத்தைப் பார்த்தேன்.

என் கணவர்தான் அவனிடம் கேட்டார், இந்த இடத்துக்கு எப்படி வந்தாய் என்று. அவன் பெருமை இல்லாமல் சொன்னான். பட்டம் வென்ற பிறகும் ஒரு வருடம் ஓடக் கார் கிடைக்கவில்லை. ஓர் அணியின் தொழிற்கூடத்தில் இருட்டறைக்குள் கணினிக் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் உண்மையில் ஓடுவதற்காக இவன் பொய்க்காரில் ஆயிரக்கணக்கான சுற்று ஓடினான். ஓர் ஓட்டுநருக்குக் கை முறிந்தபோது இவனை ஒரு நாள் பரீட்சித்துப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு நாளில் அவன் ஓடிய வேகத்தைப் பார்த்து, அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள்.

"ஒருவருடைய கை முறிந்ததால்தான் நான் இங்கே இருக்கிறேன்," என்றான். "இது யாருக்கும் பிடிக்காத உண்மை."

பிறகு போனை எடுத்தான். ஒரு செய்தியைத் திறந்து எங்கள் முன் வைத்தான். போர்த்துக்கீசிய மொழியில் மூன்று சின்ன வரி. அவனே ஆங்கிலத்தில் சொன்னான்: பயப்படாதே. முதல் வளைவில் அவசரப்படாதே. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"என் அப்பாவின் போனிலிருந்து வந்தது. பட்டப் பந்தயத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை. அப்பாவைப் புதைத்து ஒரு நாள்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது போனை அவன் பக்கம் தள்ளி வைத்தேன். என் கணவர் மேசையை விட்டு எழுந்து யன்னல் பக்கம் போனார்.

அவனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்கத் தகப்பனுக்கு அழைத்தான், எடுக்கவில்லை. சனிக்கிழமை இந்தச் செய்தி வந்தது. அதை வாசித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தான். ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்று, உயிரோடு இருந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற தகப்பனுக்குத்தான் "இது உங்களுக்காக" என்று சொன்னான். மேடையால் இறங்கி வந்தபோது அணித்தலைவர் தோளில் கைவைத்துச் சொன்னார்.

"அக்காதான் அதை எழுதியிருக்கிறாள்," என்றான். "அப்பாவின் போன் அவளிடம்தான் இருந்தது. சின்ன வயதில் என் கட்டுரைகளை என்னைப் போலவே எழுதியவள் அவள். அப்பாவைப் போல எழுதவும் அவளால் முடியும். இரண்டரை வருடம் நான் அவளோடு பேசாமல் இருந்தது அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் பந்தயம். அதற்கு முன் அவளிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும். எப்படி மனது வந்தது என்று."

இருவரும் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. இது என் வாயால் வரக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

மூன்றரைக்கு மகள் பள்ளியால் வந்தாள். குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். பையை நழுவவிட்டாள். அவன் எழுந்து கைகொடுத்தான். அவள் கையைக் கொடுத்துவிட்டு தன் அறைக்குப் போய்ச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். வெட்கமாக இருந்ததாம்.

பிறகு அக்கா வந்தாள். வேலை உடுப்போடு, சாப்பாட்டுப் பெட்டியோடு. அவனைக் கண்டதும் வாசலிலேயே நின்றாள். அவர்கள் தங்கள் மொழியில் பேசினார்கள். அவன் ஏதோ சொல்லிக் கதிரையைக் காட்டியது மட்டும் விளங்கியது. அவள் இருக்கவில்லை. அவன் போனை நீட்டினான். அவள் வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு மீண்டும் வாசித்தாள். அவளுடைய முகத்திலிருந்து இரத்தம் வடிந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன். என் வேலையில் மயங்கி விழப்போகிறவர்களின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். எழுந்து போய் அவளைப் பிடித்தேன்.

அவள் அந்தச் செய்தியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

அவள் அவனிடம் மெல்லச் சொன்னது ஒரே ஒரு வசனம். அதில் அம்மா என்பதற்கான அவர்களுடைய சொல் இருந்தது. பிறகு எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை புதைத்துவிட்டு வந்ததும் அம்மா அப்பாவின் போனைக் கேட்டா. படங்கள் பார்க்கவேண்டும் என்றா. நான் கொடுத்தேன்."

அவன் பின்கதவைத் திறந்து வெளியே போனான். உடுப்புக் காயப்போடுகிற கம்பிக்குக் கீழே, என் மகளின் பள்ளிச் சட்டைகளுக்கு நடுவில் நின்றான். அந்தத் தாய்தான் இப்போது அவனோடு நாடு நாடாக வருகிறா. அவனுடைய சாப்பாட்டைப் பார்க்கிறா, தொப்பியை எடுத்துக் கொடுக்கிறா. அன்று காலையும் ஹோட்டலில் அவனோடுதான் இருந்திருக்கிறா. அக்காவின் விலாசத்தைக் கொடுத்ததும் அவதான். ஆனால் அந்தச் செய்தியைப் பற்றி மட்டும் இரண்டரை வருடம் வாய் திறக்கவில்லை.

அக்கா போய் அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் தெரிந்துகொண்டே ஓடினான் என்று தான் நினைத்ததை அப்போதுதான் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு அவன் திரும்பி அவளைப் பார்த்த பார்வையை யன்னலால் பார்த்தேன். அடிவாங்கிய ஆள் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு இருவரும் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நான் யன்னல் சீலையை இழுத்து மூடினேன்.

அடுத்த நாள் வியாழக்கிழமை காலை நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். கணவர் என் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வில்லாவுட்டிலை நீ சொல்ல முன்னமே எனக்குத் தெரியும்."

நான் என்ன என்று கேட்டேன். சத்தியமாக எனக்கு விளங்கவில்லை.

"அம்மா செத்தது. எங்கட ஊர் ஒழுங்கைப் பெடியன் ஒருத்தன் முகாமுக்கை இருந்தவன் எல்லே. அவனுக்கு வெள்ளிக்கிழமையே ஊரிலை இருந்து சொல்லிப்போட்டினம். அவன் எனக்குச் சொன்னவன். நீ அடுத்தநாள் சிரிச்சுக்கொண்டு கோழிக்கறி கொண்டு வந்தனீ."

"நீங்கள் சாப்பிட்டனீங்கள்," என்றேன்.

"ஓம். செத்தவீட்டுத் துடக்கோடை, கோழி தொடக்கூடாத நாளிலை சாப்பிட்டனான். சாப்பிடாட்டி எனக்குத் தெரியுமெண்டு உனக்கு விளங்கியிருக்கும். நீ பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டுச் சிரிச்சாய்."

தாய் செத்து இரண்டு நாளில், ஒரே மகன், நான் கொண்டுபோன கோழிக்கறியை எனக்கு முன்னால் இருந்து சாப்பிட்டு முடித்திருக்கிறார். அன்று உப்புக் கூடிவிட்டதா என்று நான் கேட்டது நினைவுக்கு வந்தது. நல்லாயிருக்கு என்றார்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். நேர்காணல், என்று மட்டும் சொன்னேன்.

"அந்த ஒபிசர் மனுசி தாய் எங்கை எண்டு கேட்டவ. செத்து அஞ்சு நாள் எண்டனான். அவதான் எழும்பிப் போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வந்து தந்தவ. கொஞ்ச நேரம் நிப்பாட்டி வைச்சவ. அங்கைதான் நான் அழுதது."

என் மாமியாருக்காக என் கணவர் முதன்முதலில் அழுதது முன்பின் தெரியாத ஓர் அதிகாரிக்கு முன்னால். மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால். எனக்கு முன்னால் இல்லை. நான் செய்த உபகாரம் அதுதான். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ எனக்காகத்தான் செய்தாய், அதைப் போய் எப்படிச் சொல்வது என்றார். நேற்று அந்தப் பெடியன் அழுததைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை என்றார். அன்று நான் வேலைக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனேன். முதல் ஆளுக்கு ஊசியை இரண்டு தரம் பிழையான இடத்தில் குத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெடியன் அனுப்பிய நுழைவுச்சீட்டுகளோடு அவனுடைய அக்காவும் நானும் மகளும் ஆல்பர்ட் பார்க் போனோம். கணவருக்கு அன்று பஸ். அவர்களுடைய தாய், அணியின் கூடாரத்துக்குள் இருந்தா. இவள் அங்கே போக மறுத்துவிட்டாள். நாங்கள் மக்களோடு மரப்படிகளில் இருந்தோம். சத்தத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் அது நெஞ்செலும்புக்குள் வந்து இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சின்ன வயதில் கேட்ட சத்தங்கள் வேறு. என்றாலும் முதல் இரண்டு சுற்றுக்கும் நான் மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பாதி ஓட்டம் போயிருக்கும். அவன் நடுவில் எங்கோ ஓடிக்கொண்டிருந்தான், ஒருவரை முந்தியும்விட்டான். மகள் எனக்கு ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தாள். அப்போது எங்களுக்கு எதிரே இருந்த வளைவில் அவனுடைய காரின் பின்பக்கம் வழுக்கியது. திரும்பியது. பக்கவாட்டாகப் போய் மதிலில் அடித்தது. சில்லு ஒன்று தனியே போனது. கார் புல்லில் சறுக்கி வந்து நின்றது. அதற்குள் அவனுடைய மஞ்சள் ஹெல்மெட் அசையவில்லை.

எத்தனை விநாடி என்று தெரியாது. ஆயிரக்கணக்கான சனமும் அந்த ஹெல்மெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து நின்றாள். கத்தவில்லை, அழவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. நான் அவளைப் பிடிக்கவில்லை. எனக்கும் கை எழவில்லை. மகள்தான் தன் இரண்டு கைகளாலும் அவளுடைய இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு காருக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அடுத்த கை வந்தது. அவன் மெல்ல ஏறி வெளியே இறங்கினான், ஒரு தரம் குனிந்து முழங்காலைப் பிடித்தான், நிமிர்ந்தான். சனம் கைதட்டியது. அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

இருபது நிமிடத்துக்குப் பிறகு அவளுடைய போன் அடித்தது. வைத்தியப் பிரிவிலிருந்து அவன்தான். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"எனக்கு ஒன்றும் இல்லை. விலா நோகிறது, உடையவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்."

"அம்மாவுக்குச் சொன்னாயா?"

"இல்லை. வாசலில் நிற்கிறா."

அவள் போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு, "போய்ச் சொல்லு," என்றாள். "இப்போதே போய்ச் சொல்லு."

திங்கட்கிழமை அந்தப் பிள்ளையும் நானும் லீவு எடுத்திருந்தோம், மத்தியானம் தாய் எங்கள் வீட்டுக்கு வந்தா. சின்ன உருவம், வெள்ளைச் சேர்ட், கையில் ஒரு கேக் பெட்டி. அவவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவவின் மகள்தான் இடையில் இருந்து எனக்குச் சொன்னாள். தாய் மன்னிப்புக் கேட்கவில்லை. கணவன் செத்துப்போனான், ஆனால் அவன் பதின்மூன்று வருடம் செய்த வேலை அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது, அதையும் சேர்த்துப் புதைக்கத் தன்னால் முடியவில்லை என்றா. அந்த மூன்று வரியும் தான் யோசித்து எழுதியது இல்லை, ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் அந்த மனுசன் சொல்லுவது அதைத்தான் என்றா. திரும்பவும் அப்படி நடந்தால் திரும்பவும் அதையே செய்வேன் என்றா.

அதைக் கேட்டு அந்தப் பிள்ளை எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். தாய் கேக்கை மேசையில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனா. வாசலில் காத்திருந்த காருக்குள் அவன் இருந்தான். தாய் ஏறியதும் இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டிவிட்டான். அவனுடைய முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

பின்னேரம் அவள் குசினிக்கு வந்தாள். எந்த மாதிரி ஆளால் இப்படிச் செய்ய முடியும் என்று என்னைக் கேட்டாள்.

"என்னை மாதிரி ஆளால் முடியும்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்தது, புட்டு அவித்தது, சிரித்தது, கடைசியில் வியாழக்கிழமை காலை கணவர் சொன்னதுவரை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே பின்னுக்கு ஒரு அடி வைத்தாள். அன்று தன் தாயைப் பற்றிச் சொன்னபோது நீங்கள் தலையாட்டிக்கொண்டிருந்தீர்களே என்றாள். ஓம் என்றேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தன் அறைக்குள் கொண்டுபோனாள். வீட்டை மாறிவிடுவாள் என்றே நினைத்தேன். ஐந்தாம் நாள் வந்து, அங்கிளுக்கு அந்தச் சனிக்கிழமையே சொல்லியிருந்தால் விசா கிடைத்திருக்காதா என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. கோப்பையை எடுத்து எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றினாள்.

அவன் அந்த வருடம் ஐந்தாவது பந்தயத்தில்தான் முதல் புள்ளி எடுத்தான். எங்களுக்குப் பகல் நேரத்தில் நடந்த ஓட்டம் அது, வீட்டில் எல்லோரும் பார்த்தோம். இப்போது அவன் பேர் தெரியாத பிள்ளைகள் மகளின் பள்ளியில் இல்லை. அவன் எங்கள் வீட்டில் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான் என்று அவள் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அக்கா தாதியர் படிப்பை முடித்து, வைத்தியசாலைக்குக் கிட்ட வீடெடுத்துப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியோடு பேசுகிறாள். தாயோடு இன்னும் அளந்துதான் பேச்சு.

நானும் கணவரும் ஒருநாள் சிட்னிக்கு ஒரு கலியாணத்துக்குப் போனபோது வில்லாவுட் பக்கமாகக் காரை ஓட்டிப் போனோம். உள்ளே போகவில்லை. வேலிக்கு எதிரே தெருவோரத்தில் நிறுத்தினார். தாயைப் பற்றி அன்றுதான் எனக்கு ஒழுங்காகச் சொன்னார், பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தபோது தாய் அடித்ததையும், அடித்துவிட்டு ஒளித்திருந்து அழுததையும். இடையில் ஒரு தரம் அவருடைய குரல் உடைந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கலியாணவீட்டுக்கு நேரம் போய்விட்டது என்று காரை எடுத்தார்.